காரியக்காரர் வந்தால் ஓடும் டிராக்டர்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் நடவு நாட்களில் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒற்று விட்டுப்போகும், முன்னால் நடந்ததைப் பின்னால் வைப்பேன், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன். ஞாபகமும் முன்போல இல்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்று தப்பித்து வந்தேன்.

திருவாரூரில் டீசல் பம்பு பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நாசில் கழுவினேன். என் தெருவில் உள்ளவர்கள் நாசில் என்றால் என்ன என்று கேட்பார்கள். டீசலைப் பனி மாதிரி ஆக்கி இன்ஜினுக்குள்ளே ஊதுகிற சாமான், அதற்கு டீசலை அமுக்கி அனுப்புவது பம்பு என்று சொல்லுவேன். அவ்வளவுதான் எனக்கும் அப்போது தெரியும்.

நாசில் சோதிக்கிற மேஜை, ஓட்டுக் கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. மத்தியானம் அதன் வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கும். லீவரை அழுத்தினால் நாசில் முனையிலிருந்து டீசல் பனியாக வரும். அந்த வெயிலுக்குள் ஒரு நொடி நிறம் நிறமாக நின்று கரையும். நல்ல நாசில் என்றால் கூடவே தவளை கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டே நான் எங்கேயோ போய்விடுவேன். கூப்பிட்டால் காது கேட்காது. முதலாளி வந்து மேஜையைத் தட்டுவார். "பாக்கியம், எந்த ஊருல இருக்க?" என்பார். திட்டமாட்டார். நான் எங்கேயோ இருக்கிற நேரத்தில்தான் என் கை சுத்தமாக வேலை செய்கிறது என்று யாரிடமோ சொன்னாராம்.

இப்போது உங்களுக்கு வண்டியில் ஒயரை மாட்டினால் எண் வருகிறது, எண்ணைப் பார்த்தால் கோளாறு தெரிகிறது என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நின்று நின்று ஓடுகிற வண்டி உங்களிடம் வரும்போது நின்றிருக்காது. நன்றாக ஓடிக்கொண்டுதான் வரும். அப்படி வந்த ஒரு டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்போது இந்தப் பக்கம் எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. நிலத்துக்கு உச்சவரம்பு, கூலி நெல் உயர்வு, குத்தகைப் பதிவு என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கும். செங்கொடி நட்ட தெருவுக்குள் பண்ணை ஆட்கள் போகமாட்டார்கள். பண்ணைக் களத்துக்குச் சங்கத்து ஆட்கள் போகமாட்டார்கள். குடிசைகள் எரிந்த பயம் யாருக்கும் தெளியாத காலம். டிராக்டர் வந்தால் நூறு ஏர் நின்றுபோகும் என்ற கோபம் வேறு. எங்கேயோ ஒரு ஊரில் டிராக்டர் டேங்கில் சீனியைக் கொட்டிவிட்டார்களாம் என்று ஒரு பேச்சு. எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சொல்லுவார்கள்.

கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு மிராசுதாரின் டிராக்டர் அது. பழைய வண்டி. சம்பா நடவுக்குச் சேறு அடிக்கும்போது திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடுகிறது என்று பம்பைக் கழற்றி அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தவர் பண்ணையின் காரியக்காரர். விதை நெல் முதல் ஆள் கூலி வரைக்கும் மிராசுதாருக்காகப் பார்த்துக்கொள்கிறவர். தோளில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து. நடக்கும்போது அது குலுங்குவது வாசலிலேயே கேட்கும்.

முதலாளி பம்பைச் சோதிக்கிற பெஞ்சில் ஏற்றி ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. பம்போடு அனுப்பியிருந்த, டீசலை வடிகட்டுகிற பில்டரை நான் கழற்றி எனாமல் தட்டில் கவிழ்த்தேன். அடியில் நாலைந்து வெள்ளைத் துகள் மினுமினுத்தது. வயலில் ஓடுகிற எந்த வண்டியிலும் இருக்கிற மணல்தான். நான் எத்தனையோ தடவை கழுவி ஊற்றியிருக்கிறேன். ஆனால் அன்று கண்ணாடி ஓட்டு வெயில் அதன்மேல் விழுந்தது. அழகாக இருந்தது. "சீனி மாதிரில்ல கெடக்குது" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நாளெல்லாம் வாய் திறக்காதவள் நான். காரியக்காரர் பின்னால் நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் அவர் டிராக்டரையே பட்டறைக்குக் கொண்டுவரச் செய்தார். பம்பு மாட்டியும் வண்டி நிற்கிறதாம். ஓட்டி வந்தவன் டிரைவர் மாரிமுத்து. முப்பது வயது இருக்கும். பண்ணையில் மாடு மேய்த்து, ஏர் ஓட்டி, பிறகு டிராக்டர் பழகியவன். பண்ணை வண்டி ஓட்டுகிறான் என்று அவன் தெருவில் அவனோடு பாதிப் பேர் பேசுவதில்லை. சங்கத்தில் பேர் இருக்கிறது என்று பண்ணையில் அவனை நம்புவதில்லை.

காரியக்காரர் முதலாளியிடம் சத்தமாகவே சொன்னார். டேங்கில் சீனி போட்டிருக்கிறான், உங்கள் பட்டறை அம்மாவே பார்த்துச் சொன்னது, டீசலில் கலப்படம் இருந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். மாரிமுத்துவும் பார்த்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி என்று சொல்லவில்லை, சீனி மாதிரி என்றுதான் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் ரொம்ப வெட்கப்படுகிற நிமிஷம் அதுதான்.

முதலாளி வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டார். அந்த மிராசுதாருக்கு ஏழெட்டு ஆயில் இன்ஜின், லாரி எல்லாம் நம் பட்டறை வேலைதான். சீட்டு எழுத முடியாது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. எழுதிவிட்டால் மாரிமுத்துவை அன்றைக்கே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த நாளில் உள்ளே போனவன் எப்படித் திரும்பி வருவான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் வண்டியைச் சுற்றி நிற்கும்போது நான் ஒரு வேலை செய்தேன். கழுவாமல் வைத்திருந்த அந்தப் பில்டர் அடிக் கசடைத் துணியில் ஒற்றி, துகளை எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டேன். கலக்கினேன். கரையவில்லை. அடியில் அப்படியே கிடந்தது. டம்ளரை முதலாளியிடம் நீட்டினேன்.

"இத மொத நாளே பண்ணிருக்கலாம்ல பாக்கியம்" என்றார், மெதுவாக.

பிள்ளைகளே, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பார்த்ததைப் பார்த்த மாதிரி மட்டும் சொல்லுங்கள். 'வெள்ளையாக இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் ஒரு மனுஷனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் டம்ளரைப் பார்த்துக் காரியக்காரர் அசரவில்லை. "சீனி இல்லேன்னா மண்ணு. மண்ணு என்ன தானா நடந்து போயி டேங்குல குதிச்சுச்சா?" என்றார்.

அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டிராக்டர் பட்டறை வாசலில் ஓடியது. ஒரு தடவை இருமக்கூட இல்லை. அதையும் காரியக்காரர் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். இங்கே நாலு பேர் பார்க்க ஓடுகிறது, வயலில் இவன் தனியாக இருந்தால் நிற்கிறது, அப்படியென்றால் கோளாறு வண்டியிலா என்று கேட்டார். முதலாளி இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

மாரிமுத்து குழாயடியில் உட்கார்ந்திருந்தான். டீக்கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிப் போய் ஒன்றை அவனிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க வரவில்லை. அதனால் வண்டியைப் பற்றிக் கேட்டேன். எல்லாரும் எப்போது நிற்கிறது என்று கேட்டுவிட்டார்கள். எனக்குப் பேச ஒன்றும் இல்லாததால் எப்போது ஓடுகிறது என்று கேட்டுவைத்தேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். காலையில் டேங்கு நிறைய டீசல் ஊற்றினால் சீக்கிரம் நிற்கும். டீசல் குறையக் குறைய அதிக நேரம் ஓடும். நின்றால் அரை மணி, முக்கால் மணி சும்மா விட்டால் திரும்ப ஓடும். ஆனால் ஒன்று.

"காரியக்காரர் சைக்கிள் வந்து வரப்புல நின்னுச்சுன்னா வண்டிக்கு உடனே உசுரு வந்துடுது அக்கா. அவரு டேங்கத் தொறந்து டீசல் இருக்கான்னு பாப்பாரு, மூடுவாரு, இப்ப ஓட்டுடாம்பாரு. ஓடும். எனக்கே சந்தேகமா இருக்கு, நாந்தான் தூக்கத்துல என்னமும் பண்றனோன்னு."

சிரித்தான். கண்ணில் சிரிப்பு இல்லை.

டிராக்டர் டேங்கின் வாய்க்கு இரண்டு பக்கமும் புதிதாக இரும்புக் கொண்டி பற்றவைத்த இடத்தில் பெயிண்டு கருகியிருந்தது. அது என்ன என்றேன். பூட்டுக்கு என்றான். சீனிப் பேச்சு கிளம்பியதும் கொல்லனிடம் கனமான மூடி ஒன்று அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கக் காரியக்காரரே சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்கு அடியில் வைத்திருக்கிறார். காலையில் அவர் வந்து திறந்து டீசல் ஊற்றிப் பூட்டுவார். சாவி டிரைவர் கைக்கு வரக்கூடாது. அதனால் பட்டறைக்கு அனுப்பும்போது பூட்டை எடுத்துக்கொண்டு பழைய மூடியை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுதினால் பொய். புரியவில்லை. அன்று முழுக்க நாசில் கழுவும்போது அந்தப் பூட்டு மட்டும் மனசுக்குள் தொங்கிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை, டீசலில் மண் இருந்தது என்றாவது சீட்டு எழுத முதலாளி பேனாவைத் திறந்தபோது, "வயல்ல போயி ஒரு தரம் பாத்துட்டு எழுதுங்களேன்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். நீயும் வா, நாசில் கழற்ற வேண்டியிருந்தால் அங்கேயே கழுவிக்கொள்ளலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நாகப்பட்டினம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். புரட்டாசி மாசம். இரண்டு பக்கமும் வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க மேகம். நடக்க நடக்க மேகத்துக்கு நடுவில் வரப்பு போட்ட மாதிரி இருந்தது. தூரத்தில் சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தோடு டிராக்டர், வானத்தை உழுதுகொண்டு போவது போல மெதுவாகப் போனது. கொக்குகள் பின்னாலேயே நடந்தன. இப்போதும் கண்ணை மூடினால் அந்த வண்டி எனக்குச் சத்தமே இல்லாமல்தான் வருகிறது.

பூவரச மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு மிராசுதார் நின்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பயந்திருந்தார். கொஞ்சம் தள்ளி ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயலில் நடவு நடந்தது. அதில் மாரிமுத்துவின் பெண்சாதியும் இருந்தாள். அவள் யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் குனிந்து நட்டார்கள், அவள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தே நின்றாள்.

வண்டி மூன்றாவது சுற்று வரும்போது சத்தம் மெலிந்தது. சட்டென்று நிற்கவில்லை. தூக்கம் வருகிற ஆள் பேசுவது மாதிரி இழுத்து, தேய்ந்து, அடங்கியது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். நானும் இறங்கினேன். குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க பில்டர் மேல் ஒரு திருகு இருக்கும், அதை அவர் தளர்த்தினார். டீசல் வரவில்லை. நூல் மாதிரிகூட வரவில்லை. பம்புக்கு டீசலே வந்து சேரவில்லை, பம்பின்மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே தெரிந்துபோயிற்று. குழாயில் எங்கேயோ அடைப்பு என்று சொல்லித் திருகை முடுக்கினார். "அடைக்கிற மாதிரி எதையோ போட்டிருக்கான், அததான் நானும் சொல்றேன்" என்று காரியக்காரர் சைக்கிளை விட்டுவிட்டு வந்தார். டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

நான் டேங்கில் கையை ஊன்றியிருந்தேன். மூடி அசைந்தபோது உள்ளே ஒரு சத்தம். ஸ்ஸ் என்று. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்தவன் மேலே வந்து இழுக்கிற மூச்சு. தகரம் என் கைக்கு அடியில் லேசாக எழும்பியது. டீசல் பாதிக்கு மேல் இருந்தது. அவர் மூடிப் பூட்டினார். "ஓட்டுடா இப்ப" என்றார். மாரிமுத்து கிளப்பினான். வண்டி ஓடியது.

"பாத்தீங்களா" என்றார் மிராசுதாரிடம். "நான் வந்தா ஓடுது." ஏட்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அத்தனை ஆம்பளைகள், நடுவில் சேற்றில் நான். தெரிந்தும் நாலு சுற்று முழுக்கச் சும்மா நின்றேன். வண்டி போய்ப் போய்த் திரும்பி, பூவரச மரத்துக்கு நேராக வந்து, மறுபடி தேய்ந்து நின்றது. மாரிமுத்து இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதலாளி மறுபடி திருகைத் தளர்த்தினார். டீசல் இல்லை. காரியக்காரர் சாவியோடு கிளம்பினார்.

"நீங்க வராதீங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. காரியக்காரர் நின்றார்.

"நீங்க அங்கயே நில்லுங்க. சாவிய மட்டும் குடுங்க."

"என்னாது?" என்றார். மிராசுதாரைத் திரும்பிப் பார்த்தார். பண்ணைச் சாவியைப் பட்டறைப் பொம்பளை கேட்கிறாள். மிராசுதார் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. தெரியாமலே, "குடுக்கச் சொல்லுங்க ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

சாவி கைமாறிக் கைமாறி வந்தது. பூட்டைத் திறந்தேன். ஸ்ஸ். திருகு வாயிலிருந்து டீசல் கொப்பளித்து முதலாளியின் கையெல்லாம் வழிந்தது. அவர் கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். பழைய மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். டீசல் குறைகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். கொல்லன் அடித்த மூடியில் துளை கிடையாது. டியூப் ரப்பர் வேறு. உள்ளே காற்று இல்லாமல் டேங்கு டீசலை விடமாட்டேன் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரம் நின்றது. சும்மா விட்டால் ரப்பர் ஓரமாக மெல்லக் காற்று இறங்கி ஓடியது. காரியக்காரர் திறந்தால் உடனே ஓடியது.

"சீனியும் இல்ல, மண்ணும் இல்லங்க. பூட்டுதான்" என்றேன். மீதியை முதலாளி சொன்னார்.

மிராசுதார் உடனே நம்பவில்லை. பூட்டு இல்லாமல் மத்தியானம் வரைக்கும் ஓட்டச் சொன்னார். நிற்கவில்லை. பூட்டை மாட்டச் சொன்னார். நின்றது. அதைப் பார்த்த பிறகு குடையை மடக்கினார். ஏட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்தார். நடவு வயலில் அந்தப் பெண் குனிந்து நட ஆரம்பித்தாள்.

மூடியில் துளை போட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னார். காரியக்காரர் விடவில்லை. "தொள வழியா சீனியப் போட்டா?" என்றார். மிராசுதார் முதல் தடவையாகச் சிரித்துவிட்டார். "ஒவ்வொண்ணா எண்ணிப் போடுவானாய்யா?" என்றார். ஊசி நுழைகிற அளவுக்குத் துளை போட்டார்கள். பூட்டை மட்டும் எடுக்கவில்லை.

பஸ் ஏற ரோட்டுக்கு நடந்தபோது மாரிமுத்து கூடவே வந்தான். முதலாளி முன்னால் போய்விட்டார். இப்போதும் கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமுடியாது என்று, அந்தச் சீனிப் பேச்சு நான் சொன்னது, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியும் அக்கா" என்றான். "காரியக்காரர் மொத நாளே சொல்லிட்டாரு, பம்பு கடை அம்மா கண்ணால பாத்துச்சுன்னு."

"தெரிஞ்சா என்கிட்ட உக்காந்து அத்தனையும் சொன்ன?"

"வேற யாரு கேட்டாங்க?" என்றான்.

அடுத்த சம்பாவுக்கு அவன் அந்தப் பண்ணையில் இல்லை. மன்னார்குடிப் பக்கம் லாரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பூட்டுப் போட்ட வண்டியை ஓட்டமாட்டேன் என்று சொன்னானாம். பட்டறைப் பக்கம் வந்தால் டீ வாங்கித் தரலாம் என்று ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். சில இடம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்த வண்டியில் காற்று எடுக்கிற திருகு பில்டரின் மேலேயா, பம்பின் பக்கமா? பாதி டேங்குக்கு மூன்றே சுற்றில் நிற்குமா, அதற்குமேல் ஓடியதா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். வண்டி விஷயம் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். சீனி மாதிரி என்று நான் சொன்ன இடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் எனக்கு மறதி இல்லை.